வேலூரில் நோ பார்க்கிங் சலான்: 500 ரூபாயைக் கட்டிவிடலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?

வாலாஜாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வேலூர் லாங் பஜார் போயிருந்தோம். உள்ளே கார் நுழையாது என்று தெரியும், அதனால் பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பின்னால் ஓரமாக விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து சாமானை ஏற்றும்போதே அப்பா போனுக்கு மெசேஜ், நோ பார்க்கிங், 500 ரூபாய். இறங்கித் தேடினால் பலகை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதன் மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தெருவையும் காரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தேன். மாமா, கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. எதிர்த்துப் போனால் பலன் உண்டா?

காட்பாடி பாலத்தடி:
கட்டிடுங்க சார். கோர்ட்டுக்கு ஒரு நாள் லீவு போட்டால் போகிற சம்பளம் எவ்வளவு? கோட்டைப் பக்கம் எங்காவது விட்டுவிட்டு நடந்து போயிருக்கலாம், கல்யாண சீசனில் அந்தத் தெருக்களில் சைக்கிளுக்கே இடம் கிடையாது.

ஆனால் ஒன்று, மெசேஜில் வந்த லிங்கைத் தொட்டுப் பணம் கட்டாதீர்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி, அதை இன்ஸ்டால் செய்தவர்கள் பேங்க் கணக்கைத் துடைக்கிற கும்பல் திரிகிறது. நீங்களே மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும்.

குமாஸ்தா வேலூர்:
தம்பி, கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் சலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார். மோட்டார் வாகனச் சட்டம் 119 என்றால் சாலைப் பலகையை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு, அங்கே உன் பேனர் கதை எடுபடும், மறைந்து கிடக்கிற பலகையை எப்படி மதிப்பது என்று தாராளமாகக் கேட்கலாம். 122 என்றால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகவோ ஆபத்தாகவோ நிறுத்தினாய் என்று அர்த்தம். அதற்குப் பலகையே தேவையில்லை. பஸ் ஸ்டாப், பிளாட்பாரம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், நின்ற வண்டிக்குப் பக்கவாட்டில் இன்னொரு வண்டி, இங்கெல்லாம் பலகை இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. நிறைய பேர் இதைக் கவனிக்காமல் பலகை தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

கட்டாமல் விட்டால் வெர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைனிலேயே நடக்கிற கோர்ட்டுக்குப் போகலாம். அந்தத் தளத்தில் அபராதம் கட்டுகிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தொட்டால் வழக்கு சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும், அதாவது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீயே பேசலாம். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், தொகை குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் அது சமரசம்தான், நீ குற்றம் செய்யவில்லை என்று அங்கே யாரும் எழுதித் தர மாட்டார்கள். எதுவும் செய்யாமல் கிடப்பில் போடுவதுதான் மோசம், நாளைக்கு வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்தில் வந்து நிற்கும்.

வாலாஜாக்காரன்:
பார்த்தேன் சார், 122தான். ஆனால் அவர்கள் ஏற்றியிருக்கிற போட்டோவில் நம்பர் பிளேட் மட்டும்தான் தெரிகிறது. நான் எடுத்ததில் காரைத் தாண்டி ஒரு லோடு வண்டி தாராளமாகப் போகிறது.

குமாஸ்தா வேலூர்:
அப்படியென்றால் பேனரை மறந்துவிடு, அந்த லோடு வண்டிதான் உன் சாட்சி. இடைஞ்சல் என்று சொன்னவர்கள் அதைக் காட்ட வேண்டும், வெறும் நம்பர் பிளேட்டில் அது தெரியாது. எதிர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. வண்டி யார் பேரில்?

வாலாஜாக்காரன்:
அப்பா பேரில். அதுதான் சிக்கல். ஐந்நூறு ரூபாய்க்கு இந்த வயசில் என்னைக் கோர்ட் படி ஏற வைக்கிறாயா என்று காலையில் ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

காட்பாடி பாலத்தடி:
அப்பா சொல்வதும் நியாயம்தானே சார். கல்யாண வேலை வேறு தலைக்கு மேல் இருக்கும்.

குமாஸ்தா வேலூர்:
சலான் உரிமையாளர் பேரில்தான் வரும். ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும், 133ஆம் பிரிவு. அதனால் ஓட்டியது மகன் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் முதல் நாள் அவரையும் வரச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் சலான் போட்ட போக்குவரத்து காவல் பிரிவில் ஒரு மனு கொடுத்துப் பார். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் போட்டு வை, பத்தி பத்தியாக எழுதாதே, நாலு வரி போதும். அங்கே தீர்ந்தால் சரி. தீராவிட்டால் 500 ரூபாயா அப்பாவின் நிம்மதியா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. இன்னொரு முறை இதே குற்றம் என்றால் 1500 என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

வாலாஜாக்காரன்:
சரி சார், திங்கட்கிழமை பத்திரிகை வைக்க வேலூர் வருகிறேன், அப்போதே மனுவையும் கொடுத்துவிடுகிறேன்.

குமாஸ்தா வேலூர்:
நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதே.