கோல்சிசின் மாத்திரையும் கண்வலிக்கிழங்கும் ஒன்றுதானே?

சித்தவாசகி:
மாமாவுக்கு கவுட், அதான் யூரிக் அமிலத்தால வர்ற மூட்டுவீக்கம். கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கிடுச்சு. டாக்டர் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் எழுதியிருக்கார். அது நம்ம கண்வலிக்கிழங்குச் சரக்குதானே? சித்தர் மருந்தைப் பிரிச்செடுத்து வெள்ளைக்காரன் காசு பார்க்கிறான். முழு மூலிகையா சாப்பிட்டா பக்கவிளைவே இருக்காது.

வேதிப்பித்தன்:
1820ல் பிரான்சில் பெல்லெத்தியே, காவந்துங்கிற ரெண்டு வேதியியலாளர்கள் பிரிச்செடுத்தது கோல்சிகம்ங்கிற ஐரோப்பியச் செடியிலிருந்து. நம்ம செங்காந்தளிலும், அதான் கண்வலிக்கிழங்குச் செடியிலும், அதே பொருள் இருக்கு, அவ்வளவுதான்.

பக்கவிளைவே இருக்காதா? வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு இதை அவிச்சுத் தின்னு செத்தவங்க இங்கயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. முதல்ல வாந்தி பேதி, அப்புறம் ரத்த அணுக்கள் சரியும். பிழைச்சா கொஞ்ச நாள்ல முடி கொத்துக்கொத்தா கொட்டும். கோல்சிசின் செல்லுக்குள்ள டியூபுலின்ங்கிற புரதத்துல ஒட்டிக்கும், டியூபுலின் இழையாக் கோர்க்காது. அந்த இழை இல்லாம வெள்ளணு மூட்டுக்கு ஓடி வராததால வீக்கம் வடியுது. அளவு மீறினா ரத்த அணு உருவாகுற எலும்பு மஜ்ஜையில செல் பிரியறதே நின்னுடும்.

சித்தவாசகி:
அதுக்குத்தானே சுத்தி, நச்சை எடுக்கிற முறை! நறுக்கி உப்பு மோர்ல போட்டு, மோரை மாத்தி மாத்தி ஊற வைக்கிறாங்களே, அது வேதியியல் இல்லையா?

வேதிப்பித்தன்:
வேதியியல்தான், இதுல உங்க பக்கம். குவினைன், நிகோடின் எல்லாம் காரம். கோல்சிசின்ல நைட்ரஜன் அமைடாக் கட்டுண்டு கிடக்கு, காரத்தன்மை இல்லைன்னே சொல்லலாம். அதனால கரைய மோரோட புளிப்பு கூடத் தேவையில்லை, வெறும் தண்ணியிலயே நல்லாக் கரையும். மோர்ல இறங்கத்தான் செய்யும். ஆனா எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு மிச்சம்? வைத்தியர் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரையில 0.5ன்னா 0.5.

மூலனூரான்:
ரெண்டு பேரும் கிழங்கைப் புடிச்சிட்டே தொங்கறீங்க. கம்பெனிக்குப் போறது விதைங்க. ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கறனுங்க. காலையில பூவுக்குப் பூ கையால மகரந்தம் தொட்டு வெக்கோணும், இல்லாட்டி காய் புடிக்காது. விலை மட்டும் வியாபாரி வாய்ல வர்றதுதான்.

சித்தவாசகி:
சரிண்ணா. பிரிச்சு எடுத்ததுதான் உசத்தின்னு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

வேதிப்பித்தன்:
ஒத்துக்க வேணாம். மாமா வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? கிளாரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்னா ஆபத்து. கோல்சிசின் உடம்பை விட்டு வெளியேற விடாம தேக்கி வெச்சுடும்.

சித்தவாசகி:
ஐயோ, நேத்து சளிக்கு ஏதோ ஆன்டிபயாடிக் எழுதினாங்க. வேற டாக்டர். மாத்திரைப் பட்டையைப் பார்த்துட்டு வரேன்.