கால் புண்ணால் வேலை நின்றுபோன என் அண்ணனுக்காக ஓர் உதவி

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக பீஸ் ரேட்டில் வேலை செய்துவந்த என் அண்ணனுக்கு, சர்க்கரை நோயால் வலது உள்ளங்காலில் ஏற்பட்ட புண் இன்னும் ஆறவில்லை. மெஷின் பெடலை அந்தக் காலால்தான் நாள் முழுக்க மிதிக்க வேண்டும் என்பதால், கட்டுப் போட்ட காலுடன் அவர் தைத்துப் பார்த்தபோது புண் மேலும் ஆழமாகிவிட்டது. தைத்த துண்டுக்குத்தான் கூலி என்பதால், அவர் மெஷினை விட்டு எழுந்த அன்றே வருமானமும் நின்றுவிட்டது.

அவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் என ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகை முடியும் தறுவாயில் இருக்கிறது. அதன்பின் நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வழங்கும் நீட்டிப்புத் திட்டத்தில் சர்க்கரை நோய்க் கால் புண்ணும் அடங்கும்; ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் பணியும், அக்காலத்தில் குறைந்தது 156 நாள் சந்தாவும் தேவை. உழைத்த நாட்கள் பல அவர் கணக்கில் ஏறவே இல்லை என்பதுதான் எங்கள் பெருங்கவலை. பீஸ் ரேட் தொழிலாளர்கள் பலருக்கும் இந்த அநீதி நடக்கிறது.

விடுபட்ட நாட்களைக் கணக்கில் சேர்க்க எங்கே, என்னென்ன ஆதாரங்களுடன் மனுக் கொடுக்க வேண்டும்? இந்த நீட்டிப்பைப் பெற்றவர்கள் மருத்துவச் சான்றிதழை எந்த மருத்துவரிடம் வாங்கினீர்கள்? புண் ஆறியபின் உட்கார்ந்து செய்யும் செக்கிங் வேலைக்கு மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் பேசி வென்ற தொழிற்சங்கத்தினர் இருந்தால், அந்த அனுபவத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.