சிங்கப்பூர் நீதிமன்றம் தந்த பிபிஓ (PPO, அடிக்கும் புருஷனிடமிருந்து காக்கும் பாதுகாப்பு ஆணை) கையில் இருக்கிறது என்று இந்தியாவுக்குக் கிளம்பும் பெண்களுக்கு

எங்கள் புளோக்கில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும்படி எதையும் சொல்லவில்லை.

நீண்டகால வருகை அனுமதியில் இருந்தவள். வெகுநாள் வாய் திறக்காமல் அடி வாங்கியதற்கு ஒரே காரணம், “போலீசுக்குப் போனா உன் பாஸை ரத்து பண்ணிடுவேன்” என்ற புருஷனின் மிரட்டல். மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்கக் குடியுரிமை வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வன்முறைக்கு எதிரான உதவி எண் 1800-777-0000-இல் பேசிய பிறகுதான் தைரியம் வந்தது. அவனை விசாரிக்கும் முன்பே நீதிமன்றம் அவசர ஆணை கொடுத்தது. பிறகு பிபிஓவும் கிடைத்தது.

அப்புறம் ஊருக்குப் போனாள். மாமியார் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே தலைகாட்டவே பயந்து, பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கினாள். அவனும் அவன் அண்ணனும் அங்கேயும் வந்து கதவைத் தட்டினார்கள். பிபிஓவை எடுத்து நீட்டியிருக்கிறாள். “இது சிங்கப்பூர் பேப்பர், இங்க செல்லாது” என்றானாம். அவன் சொன்னது நிஜம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காவல் நிலையத்துக்குப் போனால், “கல்யாணம் தமிழ்நாட்டுல, அடிச்சது சிங்கப்பூர்ல, இங்க எதுக்கும்மா வந்தீங்க?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்படி அலையவிடச் சட்டத்தில் இடமே இல்லை. இந்தியாவின் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 27-வது பிரிவு: பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அங்கே கிடைக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். பெங்களூரில் வாங்கினால் தஞ்சாவூரிலும் அவன் கட்டுப்பட வேண்டும். கொடுமை தாங்காமல் வெளியேறிய மனைவி, தஞ்சம் புகுந்த ஊரிலேயே கிரிமினல் புகாரும் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அப்படி அவள் போட்ட மனுவுக்குக் கைகொடுத்தது அவள் இங்கிருந்து கொண்டுபோன காகிதங்கள்தான். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள்: இடது முழங்கைக் காயத்தைத் தேதியோடு எழுதிய டாக்டர் அறிக்கை, போலீஸ் புகாரின் நகல், நீதிமன்ற ஆணை. சிங்கப்பூர் ஆணையை அங்கே நேரடியாக அமல்படுத்த முடியாதுதான். ஆனால் இது நேற்று முளைத்த சண்டை இல்லை என்று காட்ட அது போதும். தயவுசெய்து விமானம் ஏறும் முன் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செட்டை நம்பிக்கையான தோழியிடம் கொடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் இறங்கினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்.

இங்கிருந்து போய் கேரளாவிலோ ஆந்திராவிலோ மனுப் போட்டவர்கள் இருந்தால், இங்கத்திய காகிதங்களை அங்கே எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். இன்னொரு பெண் அடுத்த மாதம் கிளம்புகிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.