வீட்ல இருந்து அரசு வேலை, லேப்டாப்புக்குள்ள ஒரு கண்ணு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கடலூர்க்காரி:
ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் வீடு, பொதுத்துறை நிறுவனம் ஒண்ணுல கிளைம் ஃபைல் பாக்குற வேலை, பேரு வேணாம். பிரசவ லீவு முடிஞ்சதும் வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தே பாருங்கன்னாங்க. 2017ல திருத்தின மகப்பேறு சட்டத்துலயே, வேலை அப்படிப்பட்டதா இருந்தா ரெண்டு பக்கமும் பேசி வச்சுக்கலாம்னு இருந்துச்சு, சந்தோஷமாத்தான் ஒத்துக்கிட்டேன். லேப்டாப்ல என்னத்தப் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மவுஸ் கொஞ்ச நேரம் அசையலன்னா ஐடில், அதாவது சும்மா இருக்கேன்னு பதிவாயிடும், நடுநடுவுல ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்து முகத்தைக் காட்டுன்னு கேக்கும், கேமரா முன்னாடி உக்காந்து கண்ணைச் சிமிட்டணும். பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கேன், பெட்டி வந்துடுச்சு, அப்படியே எப்படிங்க கேமரா முன்னாடி போறது? ஆப்சென்ட் விழுந்துடுச்சு. மறுநாள் சீனியர் போன் பண்ணி "என்னம்மா, மதியம் ஆளையே காணோம்"ங்கறார், அதுவும் ஸ்பீக்கர்ல, சுத்தி நாலு ஆம்பளைங்க குரல் கேக்குது. நெட் போயிடுச்சு சார்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

அதை விடக் கூத்து என்னன்னா, சிக்கலான கிளைம் வந்தா ஆஸ்பத்திரி ரெக்கார்டை வரி வரியா படிக்கணும், படிக்கறப்ப மவுஸ் எதுக்கு அசையப் போகுது? நான் உருப்படியா வேலை பாத்த அன்னிக்கெல்லாம் ரிப்போர்ட்ல சிவப்பு, சும்மா மெயிலுக்குப் பதில் தட்டிக்கிட்டிருந்த அன்னிக்குப் பச்சை. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்குத் தென்பெண்ணை பெருகி ஊரே தத்தளிச்சப்ப கரண்டும் இல்ல நெட்டும் இல்ல, அதுக்கும் ஐடில்தான். விளக்கம் எழுதிக் குடுங்கன்னாங்க, குடுத்தேன், அது யார் கைக்குப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

வில்லியனூர் பெரியவர்:
மேடம், கோச்சுக்காதீங்க. கையெழுத்தைப் போட்டுட்டு டீக்கடையிலயே பொழுதைக் கழிச்ச ஆளுங்க கூடத்தான் நான் சர்வீஸ் முழுக்க குப்பை கொட்டினேன். அதனால 2014ல ஆதார் கைரேகை வருகைப்பதிவு வந்தப்ப தப்புன்னு தோணல, இப்பவும் தோணல. ஆனா ஆபீஸ் வாசல்ல விரலை வைக்கறது வேற, வீட்டுக்குள்ள கேமரா வேற. குழந்தை இருக்கற வீடுன்னு தெரிஞ்சும் அதை வச்சாங்க பாருங்க, அது அராஜகம்.

புவனகிரி தேவி:
உங்களுக்காவது நிழல் இருக்கு தங்கச்சி. நான் 100 நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா இருந்தேன், 2023 ஜனவரி 1லேருந்து எல்லா எடத்துலயும் ஆப்லதான் அட்டெண்டன்ஸ்னு ஆயிடுச்சு, காலையில ஒரு போட்டோ மதியம் ஒரு போட்டோ. வாய்க்கால் ஓரம் டவர் எங்க கிடைக்குது, அது சுத்திக்கிட்டே இருக்கும். வேலையை சீக்கிரம் முடிச்ச பொம்பளைங்களும் ரெண்டாவது போட்டோவுக்காக வெயில்லயே காத்துக் கிடக்கணும், ஏறலன்னா கூலி போயிடும்னு அதுங்க என்னைத்தான் திட்டும் 😔

லாஸ்பேட்டை தம்பி:
அக்கா, 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் காப்பாத்தும்னு இருக்காதீங்க, வேலை சம்பந்தமான விஷயத்துக்கு நம்ம சம்மதம் இல்லாமலே தகவலை எடுத்துக்கலாம்னு அதோட 7வது பிரிவுலயே இருக்கு. ஆனா நம்மளது பொதுத்துறை, ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், இருக்கு, ஐடி கம்பெனிக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. 10 ரூபா கட்டினா 30 நாள்ல பதில் தரணும். ஏன் எங்களை வேவு பாக்குறீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, ஏன்னு கேட்டா தட்டிக் கழிச்சுடுவாங்க, எப்பவும் ஆவணத்தோட நகலாவே கேளுங்க. எந்த உத்தரவுப்படி போட்டாங்க, என்னென்ன பதிவாகுது, எத்தனை நாள் வச்சிருப்பாங்க, யார் யார் பாக்கலாம், சாஃப்ட்வேர் ஒப்பந்தம், எல்லாத்துக்கும் நகல். நான் போட்டேன், கேமராவுக்கு எந்த உத்தரவுன்னு கேட்டதுக்கு மட்டும் "தகவல் இல்லை"ன்னு வந்துச்சு. கொஞ்ச நாள்ல அந்த முகம் காட்டுற பெட்டி வர்றதே நின்னுடுச்சு, ஏன்னு யாரும் வாயத் திறக்கல 😄

கடலூர்க்காரி:
என் பேர்ல போட்டா மூஞ்சியைத் திருப்புவாங்களே தம்பி, வீட்டுக்காரர் பேர்ல போடலாமா?

லாஸ்பேட்டை தம்பி:
தாராளமா கா. இந்தியக் குடிமகனா இருந்தா போதும், எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்க கேக்கவே கூடாது. மாமா மனுவுல எழுதற அட்ரஸ் ஆபீஸ்ல உங்க அட்ரஸா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, வேற அட்ரஸ் குடுத்தா நல்லது.