அட்டகாமா மண்டையோடுகள்: பயிர்த்தொழில்தான் கொலையைக் கொண்டுவந்ததா?

நெய்தல்நாடன்: வடக்கு சிலியில் அரிகா ஊரை ஒட்டிய அசாபா பள்ளத்தாக்கு பற்றி 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. கி.மு. 1000 முதல் கி.பி. 600 வரை அங்கே புதைக்கப்பட்ட பெரியவர்களில் 194 பேரைப் பார்த்திருக்கிறார்கள், 40 பேருக்கு அடித்த, குத்திய காயம். ஐந்தில் ஒருவர்! அது அட்டகாமா பாலைவனம், மழையே கிடையாது எனலாம்; அதனால் தோலும் முடியும்கூட அப்படியே காய்ந்து நிற்கின்றன. இவர்கள்தான் அங்கே முதலில் பயிர் செய்தவர்கள். நிலமும் தண்ணீரும் சொத்தானதும் கொலையும் வந்துவிட்டது, வேறென்ன?

சுடர்: தரவு சரி, முடிவில்தான் அவசரம். அதே கரையில் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பு மீன் பிடித்து, கடல்சிங்கம் வேட்டையாடி வாழ்ந்த சின்சோரோ மக்களின் மண்டையோடுகளிலும் அமுங்கிய காயங்கள் உண்டு. எகிப்தியர்களுக்கு முன்பே இறந்தவர்களை மம்மியாக்கியவர்கள் அவர்கள். வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை, அடிதடி மட்டும் இருந்திருக்கிறது.

கரைவலை: அடிதடிதானா? சின்சோரோ ஆண்கள் பலருக்குக் காதுத் துளையில் எலும்பு வளர்ந்திருக்கிறது, குளிர்ந்த நீரில் காலமெல்லாம் முங்கினால் வருவது அது. பாறைக் கரையில் அப்படிப் பிழைத்தவனுக்கு வழுக்கி விழுந்தே மண்டை உடைந்திருக்கலாமே.

சுடர்: விழுந்தால் காயம் கண்ட இடத்தில் இருக்கும். நெற்றியிலும் முகத்திலும், அதிலும் இடப்பக்கம் குவிந்திருந்தால், வலக்கைக்காரன் நேருக்கு நேர் நின்று அடித்திருக்கிறான் என்றுதான் எடுப்பார்கள். தலையைக் காக்கக் கையைத் தூக்கினால் முன்கை எலும்பு முறிவதும் இதே வகைதான்.

நெய்தல்நாடன்: சரி, சண்டை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சுடர், சின்சோரோ காயங்களில் பெரும்பாலானவை ஆறியவை. அடி வாங்கியவன் எழுந்து போய் வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறான். அசாபாவில் பலருக்கு உடைந்த எலும்பு ஒட்டத் தொடங்கிய தடமே இல்லை, அடித்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கோபத்தில் ஒரு தடியடியும் கொல்லவே வந்து கொல்வதும் ஒன்றா? நான் சொல்லவந்தது இந்த மாற்றத்தைத்தான்.

சுடர்: அதை ஒப்புக்கொள்கிறேன், நான் ஆறியது ஆறாதது பிரிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் யார் யாரைக் கொன்றார்கள்? ஸ்ட்ரான்சியம் சோதனையில் (உணவும் நீரும் வழியாக எலும்பில் ஏறும் அந்தத் தனிமத்தின் வகைகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து, ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று கணிப்பது) அசாபாக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றுதான் வந்திருக்கிறது, மலையிலிருந்து படையெடுத்து வந்தவர்களாகத் தெரியவில்லை.

நெய்தல்நாடன்: அப்படியானால் என் பக்கம்தான் வலுக்கிறது. இரு புறமும் வெறும் மணல், நடுவில் ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு, அதில் எப்போதாவது ஓடும் ஆறு. பங்காளிச் சண்டைக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கரைவலை: பங்காளி என்று எப்படித் தெரியும்? கடல் உணவே தின்றவர்களின் எலும்பில் கடல்நீரின் ஸ்ட்ரான்சியம்தான் ஏறும், அதன் விகிதம் உலகம் முழுக்க ஒன்றே. வேறு கரையிலிருந்து வந்த மீனவனும் உள்ளூர்க்காரன் போலவே தெரிவான். அந்த 40 பேரில் யார் வயலில் நின்றவர், யார் கடலில் நின்றவர் என்று பிரிக்காமல் தண்ணீர்ச் சண்டை என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.