மாநிறத் தோலுக்கு லேசர் சிகிச்சை பொருந்துமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 48. கண்ணோரம் சுருக்கம் விழுந்து, கன்னமும் தளர்ந்திருப்பதால் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொள்ளலாம் என்கிறார் மருத்துவர். மாநிறத் தோலுக்கு இது பாதுகாப்பானதா?

பதில் 1: 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி, தோலிலுள்ள நீரைக் கொதிக்கவைத்து நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது, அவை ஆறும்போது தோலை உறுதியாக வைக்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகிறது. ஆனால் மெலனின் என்னும் நிறமி மிகுந்த தோலில் ஆறிய இடம் கறுத்துவிடக்கூடும் என்பதால், முதலில் காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கும்படி அவசியம் கேளுங்கள்.

பதில் 2: என் தங்கைக்கு முகம் சிவந்து வீங்கி, பிறகு ரவை போன்ற பொருக்குகள் உதிர்ந்தன. அவற்றைப் பிய்க்கக் கூடாது. சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலில் இறங்கவே கூடாது. முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

பதில் 3: உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வரும் வழக்கமிருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தொங்கிய தாடைச் சதையை லேசர் பெரிதாகத் தூக்கி நிறுத்தாது.