சிறு குழந்தைகளுக்குப் பெரிய வெள்ளியைச் சொல்ல வேண்டுமா, உயிர்ப்பு ஞாயிறு மட்டும் போதுமா?

நான்கு வயது மகளின் தாய்:

தவக்காலம் முடியும் தறுவாயில் எங்கள் வீட்டில் எழுந்துள்ள வழக்கு இது. மகளுடன் ஈஸ்டரை எப்படிக் கொண்டாடுவது என்பதில் என் மாமியார் ஒரு பக்கமும் என் கணவர் மறுபக்கமும் நிற்கிறார்கள். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் இறந்ததைச் சொல்லாமல் ஞாயிறன்று உயிர்த்தெழுந்ததை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை என்பது மாமியாரின் வாதம். ஆணியும் முள்முடியும் இந்த வயதுக் குழந்தையின் காதில் விழவே கூடாது, வண்ண முட்டைகளும் அதிகாலைப் பாடலும் போதும் என்பது கணவரின் வாதம். குழந்தைகளோடு பழகுபவர்கள் காரணத்துடன் கருத்துச் சொல்லுங்கள். இருவருக்கும் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

உங்கள் மாமியார் சொல்வதே சரி என்பது என் கருத்து. நான்கு நற்செய்திகளிலும் இயேசுவின் பாடுகளின், அதாவது துன்பங்களின், வரலாறு விரிவாகவும் உயிர்ப்பின் வரலாறு ஒப்பீட்டில் சுருக்கமாகவும் இருக்கிறது. அதில் பெரிய பகுதியை நீக்கிவிட்டு மீதியை மட்டும் கொடுத்தால், காலியான கல்லறைக்கு முன்னால் மகதலா மரியா ஏன் அழுதார் என்பதே குழந்தைக்கு விளங்காது. அதற்காக ஆணிகளை எண்ணிக் காட்டத் தேவையில்லை. "இயேசுவைப் பிடிக்காத சிலர் அவரைக் கொன்றார்கள், நண்பர்கள் அழுதுகொண்டே அவரைக் குகையில் வைத்து, பெரிய கல்லால் மூடினார்கள்" என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "கொன்றது யார்?" என்று பிள்ளை கேட்டால் "யூதர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கையே அந்தப் பழியை அன்றைய யூதர் அனைவர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உரோமை ஆளுநர் பிலாத்து, அவருடைய படைவீரர்கள் என்று சொன்னாலே போதும்.

மழலையர் வகுப்பு ஆசிரியர்:

அம்மா, உங்கள் இரண்டு வாக்கியங்கள் அழகானவைதான். ஆனால் கேட்கும் குழந்தையின் மனத்தில் அவை எங்கே போய் விழுகின்றன என்பதை நாம் பார்க்க வேண்டும். மரியா நாகி என்ற உளவியலாளர் ஹங்கேரியில் மூன்று முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் சாவை ஒரு முடிவாகவே எண்ணுவதில்லை. அது தூக்கம் போன்றது, ஊருக்குப் போவது போன்றது, போனவர் திரும்பிவிடலாம் என்றே நினைக்கிறார்கள். அப்படியானால் நான்கு வயதுக் குழந்தைக்கு இயேசு இறந்து எழுந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? தூங்கியவர் விழித்துக்கொண்டார், அவ்வளவுதான். நாம் மகிழ்ச்சி என்று கொடுப்பது அதற்கு எட்டுவதில்லை, வன்முறையோ எட்டிவிடுகிறது. மேலும், அண்மையில் ஒரு சாவைக் கண்ட வீட்டுக் குழந்தை, "தாத்தாவும் மூன்றாம் நாள் வந்துவிடுவாரா?" என்று கேட்கும். அதற்கு நேர்மையான பதிலைத் தயாராக வைத்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்?

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. "உன் பாவத்துக்காகத்தான் இயேசு இறந்தார்" என்று பல பெரியவர்கள் சிறு பிள்ளைகளிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறையியலில் அதற்குரிய இடம் இருக்கலாம். ஆனால் பாலைக் கொட்டியதுதான் தன் பெரிய குற்றம் என்று நினைக்கும் வயதில் அதைக் கேட்கும் குழந்தை, தான் செய்த எதனாலோ ஒருவர் கொல்லப்பட்டார் என்று நேராகவே எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

அந்த வாக்கியத்தை நானும் சிறு பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அதில் நமக்குள் பிணக்கில்லை. ஆனால் குழந்தைக்குச் சாவு விளங்காது என்பதால் அதைச் சொல்லவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. விவிலிய அறிஞர் சோஃபியா கவல்லெத்தியும் மாண்டிசோரி வழியில் பயின்ற ஜியான்னா கோப்பியும் 1954இல் ரோம் நகரில் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி முறையில், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் அறையிலேயே இராவுணவு அறையின் மாதிரியும் கல்லறையின் மாதிரியும் வைக்கப்படுகின்றன. அங்கே சாவை ஒரு நாளிலும் உயிர்ப்பை மறு நாளிலும் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். சார், நீங்கள் குறிப்பிடும் அச்சத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கதையை நிறுத்திவிட்டுக் குழந்தையை மூன்று நாள் காக்கவைப்பதுதான் தவறு.

தாத்தாவைப் பற்றிய கேள்விக்கும் பதில் உண்டு. "தாத்தா இப்போது திரும்பி வரமாட்டார், கடவுளிடம் இருக்கிறார், நாமும் ஒருநாள் அவரைப் பார்ப்போம்" என்பதில் பொய் எதுவும் இல்லையே.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வண்ண முட்டை சிலுவையிலிருந்து தப்பிக்கும் வழி என்று இந்தச் சகோதரியின் கணவர் நினைப்பதாகத் தெரிகிறது. இடைக்கால மேற்குத் திருச்சபையில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ நோன்பு அறியாமல் முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டரன்று விருந்தாயின. கிழக்குத் திருச்சபையினர் அவற்றைச் சிவப்பாகவே சாயமிடுகிறார்கள்; அந்தச் சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், ஓடு உடைவது கல்லறை திறப்பது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே முட்டையைக் கையில் கொடுத்தாலும் பெரிய வெள்ளி அதற்குள்ளேயே இருக்கிறது! முயல் மட்டும்தான் பிற்காலத்து வரவு. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கெனாவ் 1682இல் எழுதியிருக்கிறார். அதன் மீது எனக்குப் பகையில்லை, ஆனால் பிள்ளைக்கு அதன் கதை மட்டுமே நினைவில் நிற்குமானால் வருத்தப்படுவேன்.

இரட்டைக் குழந்தைகளின் தந்தை:

வாதம் நடக்கட்டும். முட்டை தேடும் விளையாட்டு வைப்பவர்கள், அவித்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தபின் உண்ணக் கொடுக்க வேண்டாம். உருண்டையான கெட்டி இனிப்புகளும் முழுக் கொட்டைகளும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை.

நான்கு வயது மகளின் தாய்:

நன்றி. நடைமுறையில் ஒரு சந்தேகம். உயிர்ப்புத் தோட்டம் ஒன்றை மகளோடு சேர்ந்து செய்ய எண்ணியிருக்கிறேன்: அகலமான தட்டில் மண், பக்கவாட்டில் சாய்த்துப் புதைத்த சிறு மண்சட்டி, அதன் வாயை அடைக்க ஒரு கூழாங்கல், ஒரு வாரம் முன்பே தூவினால் ஞாயிறன்று பச்சைவிடும் விதைகள். இதில் குச்சிச் சிலுவைகளை நடுவதா, வேண்டாமா? தவிர, ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவில் நடக்கும் திருவிழிப்பு வழிபாட்டுக்கு அவளை அழைத்துச் செல்லலாமா?

மழலையர் வகுப்பு ஆசிரியர்:

தோட்டம் நல்ல யோசனை. கல்லை உருட்டும் வேலையை முழுவதும் அவள் கைக்கே விட்டுவிடுங்கள். "கல்லை நமக்கு யார் புரட்டுவார்?" என்று பெண்கள் பேசிக்கொண்டே போனதாக மாற்கு எழுதுகிறார், அந்தக் கேள்வி குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடும். சிலுவைகளை நான் நடமாட்டேன். ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள் நீள்கிறது. உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று மகதலா மரியா நினைத்தது, எம்மாவு ஊருக்குப் போன சீடர்களோடு அவர் நடந்தது, கடற்கரையில் மீன் சுட்டுச் சீடர்களைச் சாப்பிட அழைத்தது என ஒவ்வொரு வாரமும் சொல்வதற்குக் கதை இருக்கிறது. இவற்றில் அச்சுறுத்துவது எதுவுமில்லை. சிலுவை இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்கும். வாசகங்கள் மட்டுமே முழுமையாக எடுத்தால் ஒன்பது. புதுத்தீயும் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியின் ஒளி கைக்குக் கை மாறுவதும் முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

திருவிழிப்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சிலுவையைப் பற்றிச் சொன்னதை அல்ல. உயிர்த்த பின் தோன்றிய நிகழ்ச்சிகளில் அச்சுறுத்துவது எதுவுமில்லை என்கிறீர்கள். ஆனால் லூக்காவில் இயேசு தம் கைகளையும் கால்களையும் காட்டுகிறார், யோவானில் விலாவையும் காட்டித் தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். தழும்புகளை உயிர்த்தவரே மறைக்கவில்லை. "அவர் கையில் ஏன் காயம்?" என்று குழந்தை கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

மழலையர் வகுப்பு ஆசிரியர்:

கேட்கும்போது நீங்கள் எழுதிய அந்த இரண்டு வாக்கியங்களையே சொல்வேன், தயங்கமாட்டேன். கேட்பதற்கு முன் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

கேட்பதற்கு முன்பே சுவரில் சிலுவை தொங்கும் வீட்டில் வளர்கிறாள் அந்தக் குழந்தை. அவள் கேள்வி அநேகமாக இந்த வாரமே வந்துவிடும்.

நான்கு வயது மகளின் தாய்:

வந்துவிட்டது. நேற்று இரவு அந்தச் சுவரைக் காட்டியே கேட்டாள். என் கணவர்தான் பதில் சொன்னார், கல்லறையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே. தோட்டத்தில் ஒரு சிலுவை மட்டும் நடுகிறோம். மூன்று வேண்டும் என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.